பேங்க்காரர்கள் தலை எண்ணிய நாள்

சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு பெரிய கட்டடம்!" என்று வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு அந்த விமான நிலையத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அதன் தூண்களில் பாதிக்குக் கம்பி கட்டியவன் நான். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போனால் அரை நாள் பிடிக்கும். அது போதும்.

நான் கம்பி கட்டும் மேஸ்திரி. திண்டிவனத்தை அடுத்த எங்கள் வல்லம் பக்கத்து ஊர்களில் ஆள் சேர்த்துக்கொண்டு போவேன். அங்கே பழைய டெர்மினலை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டினார்கள். எல்லாம் பேங்க் கடன். கடனை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சைட் என்ஜினியர்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது விளக்கினார். பேங்க்காரர்கள் அவ்வப்போது வந்து வேலை எதுவரை வந்திருக்கிறது, எத்தனை பேர் செய்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். திருப்தியானால்தான் அடுத்த தவணை. ஆள் குறைந்து தெரிந்தால் வேலை மந்தம் என்று எழுதிவிடுவார்களாம். பணம் நின்றுவிடும்.

அதனால் அவர்கள் வருகிற நாளில் எங்களுக்குப் புது ஹெல்மெட், புது ஜாக்கெட், புது ஷூ. அவர்கள் கார் கேட்டைத் தாண்டி வெளியே போனதும் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். சமையல்காரருக்கும் ஜாக்கெட் மாட்டி, கட்டுக்கம்பி முறுக்கும் கொக்கியைக் கையில் கொடுத்து நிறுத்துவார்கள். அவர் கொக்கியைக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தம்பி போன் செய்தான்.

"ண்ணா, அப்பா பூட்டாருண்ணா."

எங்கள் பக்கத்தில் அப்பாவுக்குத் தலைப்பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்குக் கடைசிப்பிள்ளை. அம்மா போனபோது தம்பி வைத்தான். அப்பாவுக்கு நான். அவரே மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு சர்வசாதாரணமாகச் சொல்வார், "நீ எங்க கம்பி கட்டிக்கினு கெடந்தாலும் அன்னிக்கி வந்துடணும்டா" என்று. நானும், "வராம எங்க பூடப் போறேன்" என்பேன்.

என்ஜினியரிடம் ஓடினேன். பேங்க்காரர்கள் வருகிற நாளில் எங்கள் கேட் பாஸ்களை முந்தின நாள் சாயந்திரமே வாங்கி ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள், யாரும் நழுவிவிடக் கூடாதென்று.

"சார், அப்பா தவறிட்டாருங்க. நான்தான் கொள்ளி வெக்கணும். பாஸ் குடுங்க சார்."

"இன்னிக்கா மேஸ்திரி? பத்து மணிக்கு பேங்க் ஆளுங்க வர்றாங்க. நீ போனா உன் ஆளுங்களும் துக்கத்துக்குன்னு பின்னாடியே கெளம்புவாங்க. அவங்க ஒரு மணி நேரத்துல பாத்துட்டுப் போயிடுவாங்க. நானே கார் வெச்சு அனுப்பறேன். பேஜாரு பண்ணாத."

அப்பன் செத்ததைச் சொல்ல வந்தவனிடம், பேஜாரு பண்ணாதே என்றான். அந்த ஆளுக்கு இனி 'ர்' போட்டு எழுத எனக்கு மனசில்லை. மதில் ஏறிக் குதிக்கலாமென்றால் அது விமான நிலையத்து மதில். துப்பாக்கியோடு நிற்கிறார்கள்.

தம்பி மறுபடியும் கூப்பிட்டான். "கெளம்பிட்டியா ண்ணா?"

"கெளம்பிட்டேன்டா. வந்துக்கினே இருக்கேன்."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனும் வந்துக்கினே இருக்கேன் என்பான். ஒரு மணி நேரம்தானே, கார் வேறு தருகிறானே என்று நானும் சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. அவர்கள் வந்த விமானம் தாமதமாம். பிறகு ஓட்டலில் சாப்பாடாம். புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நாங்கள் வெயிலில் நின்றோம். தம்பி கூப்பிடக் கூப்பிட நானும் சொல்லிக்கொண்டே போனேன். பஸ் ஏறிட்டேன்டா. டிராபிக்கில நிக்குதுடா. திண்டிவனத்த நெருங்கிட்டேன்டா. விழுப்புரத்து அத்தை போனைப் பிடுங்கி, "ஜல்தி வாய்யா, உங்கப்பன் உனக்கோசரம்தான் படுத்துக்கினு இருக்கான்" என்று அழுதது. ஐஸ் பெட்டியில் மறுநாள் வரைக்கும் வைக்கலாம்தான். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமையில் பிணம் எடுக்க எங்கள் ஊரில் ஒருத்தரும் ஒப்ப மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் நான் போயாக வேண்டும்.

வெயில் இறங்கிய பிறகு வந்தார்கள். ஒருவர் விரலால் காற்றில் குத்திக் குத்தி எங்கள் தலைகளை எண்ணினார். என் தலையையும் எண்ணினார். அதற்காகத்தானே பிடித்து வைத்திருந்தார்கள், பாவிகள். பேப்பர்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கி, "எல்லாரும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்க" என்றார். என் பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அப்போதும் என் மூஞ்சி இளித்தது. அந்த மூஞ்சியை ஓங்கி அறைய வேண்டும்போல இருக்கிறது இன்றைக்கும்.

கார் கிடைக்கவில்லை. பேங்க்காரர்களை ஓட்டலில் விடப் போயிருக்கிறது என்றான் என்ஜினியர். ஜாக்கெட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டான். பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கி, ஆட்டோ வைத்து நடுராத்திரியில் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் தம்பி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. "ரொம்ப டிராபிக்கா ண்ணா?" என்று கேட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தான். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்தோம். தம்பி பேப்பரைப் புரட்டினான். ஒரு பக்கத்தில் அவன் கை நின்றது. விமான நிலைய விரிவாக்கப் பணிகளை வங்கி அதிகாரிகள் நேற்று மாலை பார்வையிட்டார்கள் என்று போட்டிருந்தது. மேலே போட்டோ. கோட்டு போட்டவர்களுக்குப் பின்னால், பளபளக்கிற ஜாக்கெட்டில், பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

அவன் பேப்பரை மடித்துப் பெஞ்சில் வைத்தான்.

"பஸ்ஸுல இருக்கேன்னியே ண்ணா."

"பாஸப் புடுங்கி வெச்சிக்கினாங்கடா. கேட்ட விட்டு உடல. ஒரு மணி நேரம்னாங்க. அதான், வந்துக்கினே இருக்கேன்னு சொல்லிட்டேன்."

அவன் என் தலையைப் பார்த்தான். முடி அப்படியே இருந்தது.

"உட மாட்டன்றாங்கடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஊரே வேன் புடிச்சி வந்து அந்தக் கேட்டாண்ட நின்னிருக்கும் ண்ணா. அப்பாவையும் தூக்கிக்கினு வந்திருப்போம்."