மூன்று அவுன்ஸ் தகரம்

நார்மன் பெக்கம் பாறைகளிலிருந்து மேலே ஏறி வரும்போது, வண்டிகள் நிற்கும் இடத்துக்கு இருபது அடி முன்னால் ஒரு கணம் நிற்பார். தூண்டில் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தூண்டில் நரம்பைப் பல்லால் கடித்து, நுனியில் தொங்கும் இரையை அறுத்துப் பையில் போடுவார். வேறொன்றை எடுத்துக் கட்டுவார். அதற்குப் பிறகுதான் மேலே வருவார். எங்கள் தூண்டில் கடையின் பின்ஜன்னல் வழியாக இதை முப்பது வருடம் பார்த்தேன். மீன் கிடைத்த நாளிலும் செய்வார், ஒன்றும் கிடைக்காத நாளிலும் செய்வார். கிடைத்த நாளில் மட்டும் மாற்றினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே.

ஊரில் எல்லோரும் அப்படித்தான். வரியன் என்பது உடம்பு நெடுகக் கறுப்புக் கோடுகள் ஓடும், கொடுவா மாதிரியான பெரிய மீன். அக்டோபரில் அது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும். அந்த நாட்களில், எந்த இரைக்குக் கடித்தது என்று கேட்டால் சொந்த அண்ணனிடம்கூட உண்மை சொல்ல மாட்டார்கள். இடத்தை மறைக்க முடியாது, நிறுத்திய வண்டி காட்டிக் கொடுத்துவிடும். இரையைத்தான் மறைக்க முடியும். நாங்கள் விற்பது மரத்தில் கடைந்த மீன், மான்வால் முடி கட்டிய ஈயத்தலை, பளபளக்கும் தகரம். எல்லாமே பொய் மீன்கள்.

"பொய்ய வித்துட்டு உண்மைய எதிர்பார்க்காத" என்பார் கடைக்காரரான என் மாமா. பள்ளியை விட்டுவிட்டுப் பதினைந்து வயதில் அங்கே நிற்க வந்த அன்று அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்று: ஒருவன் வாங்கியதை இன்னொருவனிடம் சொல்லக் கூடாது. எனக்கு அது சுலபம். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

நார்மன் பள்ளிப் பேருந்து ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் பொய் சொல்லாத ஆள் ஒருவர் உண்டு, கில் அருடா. கூரை வேலை செய்பவர். இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள், ஒரே ஃபிளாஸ்கில் காபி குடிப்பார்கள். ஞாயிறு மதியம் நார்மனுக்குச் சாப்பாடு கில் வீட்டில்தான். கில்லின் மனைவி கானி, காலே கீரையும் காரமான தொத்திறைச்சியும் போட்டு சூப் வைப்பாள்.

கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு. இலையுதிர்காலப் போட்டியில் மிகப் பெரிய வரியனைப் பிடித்தவர் பெயர் அதில் ஏறும். எழுதுவது நான். கில்லின் பெயரை மூன்று முறை எழுதியிருந்தேன். நார்மனுடையதை ஒரு முறையும் இல்லை.

"தெல்மா, அந்தப் பலகைல எடம் இருக்கா, இல்ல கில்லுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கணுமா?" என்று கேட்பார் நார்மன்.

"உன் பேரையும் எழுதுவாங்கடா, கல்லறைல" என்பார் கில். இருவரும் சிரிப்பார்கள். நார்மன்தான் முதலில் நிறுத்துவார்.

ஒரு வருடம் போட்டி நடக்கும்போது கில் முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துவிட்டார். திங்கட்கிழமை நார்மன் தனியாகக் கடைக்கு வந்து, கொக்கியில் தொங்கிய மூன்று அவுன்ஸ் தகரம் மூன்றையும் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஐம்பத்திரண்டு பவுண்டு வரியனைத் தராசில் போட்டார். அவர் நரம்பில் நீல முதுகுள்ள சின்ன மரமீன் தொங்கியது. அது நனைந்திருக்கவே இல்லை.

வியாழக்கிழமை கில் எழுந்து வந்துவிட்டார். நார்மனும் கடையில் இருந்தார்.

"எதுலடா அடிச்ச? எங்கிட்ட சொல்லு."

நார்மன் காபியை ஊதினார். "அந்தச் சின்ன மரமீன். நீல முதுகு. பார்சன் பாறைக்கு அந்தாண்ட. தகரத்தத் திரும்பிக்கூடப் பார்க்கல."

"இந்தக் காத்துக்கா? அது எங்க போய் விழும்?"

"எனக்குப் போய் விழுந்துச்சே."

கில்லிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். போட்டி முடிய மூன்று நாள் இருந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நார்மன் போய்விட்டார்.

கனமான தகரம் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு கரையிலிருந்தே அந்தத் தூரம் போகும். இலேசான மரமீன் காற்றில் புரண்டு பாதி வழியில் விழும். அதை எறிந்து அங்கே எட்ட வேண்டுமென்றால் மார்பளவு தண்ணீரில் நடந்து போய் பார்சன் பாறையின் மேல் ஏறி நிற்க வேண்டும். எனக்குத் தெரியும். கில்லுக்கும் தெரியும்.

"தகரம் மாட்டுற கொக்கி காலியா இருக்கே. எவன் அள்ளிட்டுப் போனான்?" என்று கில் என்னிடம் கேட்டார்.

"யாரோ" என்றேன்.

"என்ன தெல்மா, ஏதோ சொல்ல வந்து முழுங்குற?"

"நரம்பு புதுசு வேணுமா?"

"நரம்பு இருக்கு. மீனக் குடு." நீல முதுகுக்காரனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை தென்கிழக்குக் காற்று. வெகுதூரத்தில் எங்கோ அடித்த புயலின் அலை பார்சன் பாறைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்ததும் கில் தனியாகப் போனார். மதியம் பக்கத்துக் குடாவில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். கோலைப் பிடித்த கை விடவில்லை. போலீஸ்காரர் அந்தக் கோலைப் புல்லில் வைத்தார். நரம்பின் நுனியில் நீல முதுகு மரமீன். நார்மன் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள்.

"நாப்பது வருஷம் மீன் புடிச்ச மனுஷன். அந்தக் காத்துக்கு அந்த மரத்துண்டப் போய் கட்டியிருக்கான் பாரு."

"வயசானா புத்தி மழுங்கிடுதுப்பா."

கானி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழுகையைவிட அவளுக்குக் கோபம்தான் அதிகம். "ஒரு இரை பார்த்து எடுக்கத் தெரியலையே இந்த ஆளுக்கு! அதுக்கா செத்தான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நார்மன் அவளுக்குப் பின்னால் நின்று அவளுடைய மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பலகையில் நார்மன் பெயரை எழுதினேன். நவம்பரில் அதைப் பார்க்க வந்தார். புதிதாக வந்திருந்த தகரம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"கானிகிட்ட சொல்லுங்க, நார்மன். கில்லுக்கு இரை எடுக்கத் தெரியும்னு மட்டுமாவது சொல்லுங்க."

"எல்லாரும்தான் பொய் சொல்றாங்க. ஊர் வழக்கம் இது."

"கில் உங்ககிட்ட சொன்னதில்லையே."

அவர் தகரத்தைப் புரட்டிப் பார்த்தார். "அவனுக்கு அந்த மரமீன வித்தது யாரு, தெல்மா?"

நான் கவுண்டரைத் துடைத்தேன். அவர் பலகையை ஒரு முறை படித்துவிட்டு, "எழுத்து நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக் கிளம்பிப் போனார்.

பதினோரு வருடம் ஆகிறது. மாமா போய்ச் சேர்ந்தார், கடை இப்போது என்னுடையது. நார்மனுக்கு எழுபத்தெட்டு வயது. இப்போதெல்லாம் அவர் இரையை மாற்றிக் கட்டுவதில்லை. தொங்குவது தொங்கியபடியே மேலே வருகிறார், யாரும் கேட்பதுமில்லை. ஞாயிறு மதியம் இன்றும் கானி வீட்டில்தான் சாப்பிடுகிறார். தன் புருஷனுக்கு இரை பார்த்து எடுக்கத் தெரியாது என்று அவள் இன்றும் சொல்கிறாள். போன ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். நாங்கள் இருவரும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.