சீப்ரன் வீட்டு ஃபிரிட்ஜ்

நெதர்லாந்தில் எங்கள் லெம்மர் ஊரில் சீப்ரனுக்காகக் காத்து நிற்காதவர்கள் கிடையாது. முப்பத்து நான்கு வருஷம் ஊர் நடுவே இருக்கிற பாலத்தைத் தூக்கி இறக்கியவர் அவர். படகு வந்தால் மணி அடிக்கும், தடுப்புக் கட்டை இறங்கும், பாலம் எழும்பும். சைக்கிளில் வந்தவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மனதுக்குள் அவரைத் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ரொட்டிக் கடை வேலைக்குப் பிந்திப் போய் "பாலம் தூக்கியிருந்தது" என்று நான் சொன்ன சாக்கில் பாதி பொய். மீதிப் பாதிக்கு அவர்தான் பொறுப்பு.

பாலத்துக் கட்டணத்தை அவர் வாங்குகிற அழகே தனி. ஒரு தூண்டில் கழியின் நுனியில் மரச் செருப்பைக் கட்டிப் படகுக்கு மேலே நீட்டுவார். படகுக்காரர் அதில் காசைப் போடுவார். பிள்ளைகள் மிட்டாயும் போடுவதுண்டு. ஓய்வு பெற்றபோது அந்தக் கழியை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மூலையில் சாத்தி வைத்தார்.

கூடவே நோட்டுப் பழக்கமும் வந்தது. பாலத்தில் இருந்தபோது, எந்தப் படகு, எத்தனை மணிக்குப் பாலம் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது என்று எழுதுவார். கடைசியில் 'தாமதத்தின் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால் மனுஷருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை அதில், "நான். கழிவறைக்குப் போயிருந்தேன்" என்று எழுதி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு எழுதப் படகு இல்லாததால் என்னை எழுத ஆரம்பித்தார். "செவ்வாய். நின்கே. குப்பைத் தொட்டி வெளியே வைத்தது இரண்டு மணி நேரம் தாமதம்" என்று என் முகத்துக்கு நேரே வாசிப்பார். இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரியாக நான் பட்ட பாடு இது.

மனைவி போன பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே மகள் ஹிஸ்கேயும், மிக் என்கிற தடிப் பூனையும். ஹிஸ்கே ஸ்வோலே நகரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை தவறாமல் வருவாள். நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவள் மேல் எனக்குக் கோபம் வரப்போகிறது.

போன அக்டோபரில் ஒரு பை நிறைய நுரை நாடாவோடு வந்தாள். எங்கள் ஆட்களுக்கு இடுக்கு வழியாக வரும் காற்று என்றால் திருடன் வந்த மாதிரி. அதிலும் எரிவாயு விலை ஏறியிருந்த வருஷம் அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை முழங்கால் போட்டும் ஏணி ஏறியும் ஜன்னல், கதவடி, கடிதத் துவாரம் என்று கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் ஒட்டி அடைத்தாள். எறும்பு நுழைய இடமில்லை. நானும் வெட்கப்படாமல் மிச்சம் இருந்த ஒரு சுருளை வாங்கிக்கொண்டு போய் என் வாசல் கதவில் ஒட்டினேன்.

நவம்பரில் சீப்ரன் வீட்டில் பால் திரிந்தது. அடுத்த வாரம் பாலாடைக்கட்டி வேர்த்து வழிந்தது. அதற்கடுத்த வாரம் பன்றி இறைச்சித் துண்டு நாறியது.

"அப்பா, ஃபிரிட்ஜ் கதவ ஒழுங்கா சாத்துறீங்களா?" என்று ஹிஸ்கே கேட்டாள்.

"சாத்துறேனே."

"அப்ப எப்படிப்பா இப்படி ஆகும்?"

அவர் போய்க் கதவை இன்னொரு முறை அழுத்திச் சாத்தினார். பிறகு ஒரு சனிக்கிழமை, காலை ரொட்டியில் தூவுகிற சாக்லேட் துகள் டப்பாவை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தாள். துகள் விழவில்லை. செங்கல் மாதிரி ஒரே கட்டியாக விழுந்தது.

"இத ஹீட்டர் மேல வெச்சீங்களா?"

"இல்லம்மா."

அவர் தலைக்கு மேலாக அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவே பிடிக்காது. ஒரு ஆளை எதிரில் வைத்துக்கொண்டே அவர் இல்லாத மாதிரி பார்க்கிற பார்வை. ஆனால் அவளுக்கும் பயம். அவளுடைய மாமியார் அடுப்பை எரியவிட்டுவிட்டுக் கடைக்குப் போனவர். வீடு பாதி எரிந்தது.

டிசம்பரில் அவள் முதியோர் இல்லத்துப் பேச்சை எடுத்தாள். பக்கத்து ஊர் யௌரேயில் ஒரு அறை காலியாகிறது, ஜனவரியில் அப்பாவின் பிறந்தநாள் கழிந்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல இடம்தான். பூனைக்கு அனுமதி இல்லை. ஜன்னலில் நின்றால் பாலமும் தெரியாது.

அன்று அவள் போன பிறகு அவர் என்னைக் கேட்டார்: "நின்கே, நெஜமாவே நான் அந்த டப்பாவ ஹீட்டர் மேல வெச்சுட்டு மறந்திருப்பேனோ?"

"உங்களுக்கா மறதி? என் குப்பைத் தொட்டிய மறந்தீங்களா ஒரு நாளாவது?" என்று கத்தினேன். கத்தியதால் அவருக்கு ஒன்றும் தெளியவில்லை.

புதுவருஷம் பிறந்ததும் அவர் ஒரு புது நோட்டு வாங்கினார். ஃபிரிட்ஜுக்கு. திறந்த நேரம், எடுத்த பொருள், சாத்திய நேரம். சும்மா உட்கார முடியாதவர் ஆயிற்றே, மோட்டார் ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம் என்றும் கட்டம் போட்டார். கடைசியில் வழக்கம் போல 'தாமதத்தின் காரணம்'.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். நோட்டை நீட்டினார்.

"ஒவ்வொரு தடவையும் கதவ சாத்தியிருக்கேன், பாரு. ஆனா மோட்டார் நின்ன நேரம் மட்டும் ஒண்ணுகூட இல்ல. ஓடிக்கிட்டே இருக்கு."

"அப்ப கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

"கெட்டிருந்தா நின்னிருக்கும். இது நாய் மாதிரி ஒழைக்குது, வேலதான் நடக்கல. இங்க கைய வை."

ஃபிரிட்ஜ் எங்கள் வீடுகளில் எல்லாம் மர அலமாரிக்குள் பதித்ததுதான். அதன் பக்கப் பலகையில் கை வைத்தேன். காபிக் கோப்பை மாதிரி சுட்டது. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் சாக்லேட் டப்பா இருந்த தட்டு.

"அட!" என்றேன்.

"நாம என்ன நெனச்சிருக்கோம்? ஃபிரிட்ஜ் குளிர உண்டாக்குதுன்னு. அது குளிர உண்டாக்கல நின்கே. உள்ள இருக்கிற சூட்ட அள்ளி வெளிய கொண்டு வருது, அவ்வளவுதான். பால்ல இருந்த சூடு, முட்டையில இருந்த சூடு, மோட்டாரோட சொந்தச் சூடு, எல்லாம் முதுகுப்பக்கக் குழாய்ல வந்து நிக்கும். கீழ இருந்து காத்து வந்து அத வாங்கிக்கிட்டு மேல போகணும். பாலம் தெறந்துதான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் கால்வாய் அடைச்சிருந்தா படகு எங்க போகும்? பின்னால வர்றதெல்லாம் வரிசையா நிக்கும்."

"அடைச்சிருக்கா? யார் அடைச்சா?"

"மிக் எட்டு வருஷமா எங்க படுப்பான்?"

"இந்த அலமாரி மேல." கீழேயிருந்து பார்த்தால் வால் மட்டும் தொங்கும்.

"இப்ப?"

"சோபாவுல." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. குளிர்காலத்தில் அந்தச் சோம்பேறி சூடான இடத்தை விட்டு இறங்குகிறவனா? மேலே சூடு வருவது நின்றுபோயிருக்க வேண்டும்.

சீப்ரன் மூலையிலிருந்த தூண்டில் கழியை எடுத்தார். மரச் செருப்பு இருந்த நுனியில் முகம் மழிக்கும் கண்ணாடியைக் கட்டியிருந்தார். அதை அலமாரிக்கு மேலே நீட்டிக் காட்டினார். கண்ணாடியில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடுக்கில், நேர்க்கோடாக வெள்ளை நுரை நாடா தெரிந்தது. ஓரத்தை அவ்வளவு சுத்தமாக வெட்டி ஒட்டுகிற கை யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இப்பவே ஃபோன் போடுங்க அவளுக்கு!"

"வேண்டாம்."

"ஏன்? மூணு மாசமா உங்கள அரைக் கிறுக்கன் மாதிரி பார்க்கிறா!"

"ஒரு நாள் லீவ விட்டுட்டு, முழங்கால் தேய ஒட்டினா. அப்பா நடுங்கக் கூடாதுன்னு. அவளப் போய் ஃபோன்ல, 'எல்லாம் ஒன்னாலதான்'னு சொல்லவா?"

"அப்ப நான் ஏறிக் கிழிக்கிறேன்."

"இடுப்பெலும்பு மாத்தி நாலு மாசம் ஆகல ஒனக்கு. நீ விழுந்தேன்னா ரெண்டு பேருக்கும் யௌரேல பக்கத்துப் பக்கத்து ரூம்தான். அந்தத் தண்டனை எனக்கு வேண்டாம்."

நோட்டைப் பார்த்தேன். கடைசிக் கட்டம் முதல் வரியிலிருந்து கீழ் வரை காலி. "காரணம் தெரிஞ்சுபோச்சே. எழுதலியா?" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சோறு எப்படி இறங்கியதோ தெரியவில்லை.

சனிக்கிழமை அவருக்கு எழுபத்தொன்பது முடிந்தது. கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஏழு பேர் உட்கார்ந்தோம். வந்தவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோர் கையையும் குலுக்கி, எனக்கும் "பக்கத்து வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" சொன்னார்கள். ஹிஸ்கே காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, கேக் எங்க?"

"சைக்கிள் கொட்டகையில."

காபிக் கரண்டிகள் நின்றன. வெளியே உறைகிற குளிர். க்ரீம் கேக்குக்கு அதைவிட நல்ல இடம் ஊரிலேயே கிடையாது. ஆனால் அங்கிருந்த முகங்களில் ஒன்றுகூட அப்படி நினைக்கவில்லை. ஹிஸ்கேயின் கண் கலங்கிவிட்டது. குனிந்து, தாழ்ந்த குரலில், "அப்பா, திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். ஃபாரம் கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

"சரிம்மா, பார்ப்போம். அதுக்கு முன்னாடி ஒரு உதவி. மிக்கோட மெத்தை அலமாரி மேல கெடக்கு. எடுத்துக் குடேன். எனக்குத்தான் ஏணி ஏற நீ தடை போட்டிருக்கியே."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் நாற்காலியிலிருந்து சமையலறை தெரியும். அவள் ஏணி வைத்து ஏறினாள். மெத்தையை எடுத்தாள். இறங்கவில்லை. சுவரோர நாடாவின் மேல் கை வைத்தாள்.

"அப்பா, இந்த நாடாவுக்கு அடியில ஏன் இவ்வளவு சூடா இருக்கு?"

அவர் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை போடாத காபி. கொஞ்ச நேரம் கழித்து, நாடா பிய்கிற சத்தம் கேட்டது. நீளமான சத்தம். எழும்பிய காற்றில் அவள் நெற்றி முடி அசைந்ததை நான் பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகு நேரம் ஏணியிலேயே நின்றாள். வட்டத்திலிருந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். இந்த வருஷம் கால்வாய் உறையுமா, சறுக்கலாமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

இறங்கி வந்து அவள் ஃபிரிட்ஜின் பக்கப் பலகையைத் தொட்டாள். புத்திசாலிப் பெண். சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்த சாக்லேட் டப்பா..."

"ஆமா."

"பாலும்..."

"ஆமா."

"நீங்க கதவ..."

"நோட்டுல இருக்கும்மா."

விருந்தாளிகள் ஐந்து மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி எழுந்து போனார்கள். நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம். ஆறு பன்னிரண்டுக்கு மோட்டார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அந்தச் சமையலறை இவ்வளவு அமைதியான இடம் என்பதையே மறந்திருந்தேன்.

சீப்ரன் நோட்டை எடுத்து, 'நின்ற நேரம்' என்ற கட்டத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் ஹிஸ்கே அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்துக்குப் புரட்டி, முதல் வரியின் கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: "நான். ஹிஸ்கே."

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஒரு வரிதானா? இன்னும் அறுபத்தி மூணு வரி காலியா கெடக்கே" என்றார்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பைக்குள்ளிருந்து இல்லத்தின் ஃபாரத்தை எடுத்தாள். மை அடுத்த பக்கத்துக்கு ஊறாமல் இருக்க அதை மடித்துத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரண்டாவது வரியை எழுத ஆரம்பித்தாள்.