ஸுல்பிகாவின் சக்களத்தி

குறிஞ்சிப்பிட்டியில் ஸுல்பிகாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். வயது நூற்று முப்பதுக்கு மேல், சீமையில் பிறந்தவள், உடம்பெல்லாம் இரும்பு. விறகைத் தின்று புகை விடும் பழைய நீராவி இஞ்சின் அது. தனக்கு வேண்டிய தண்ணீரை இடுப்பின் இரு பக்கமும் தொட்டிகளில் தானே சுமந்துகொண்டு போகிற வகை. களப்போரத்து ஹோட்டல் முதலாளி அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, வெள்ளைக்காரரை ஏற்றிச் சுற்றிக் காட்டினார். ஓட்டியவன் ஸுல்பிகாவின் கணவன் நௌஃபர்.

ஸுல்பிகா லேசுப்பட்டவள் அல்ல. தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வந்தபோது அவள் கைக்குழந்தை. அகதி முகாமில் வளர்ந்து, அடுத்தவர் தோட்டங்களில் வெங்காயம் கிண்டி, சொந்த உழைப்பில் கல்வீடு கட்டினாள். பிறத்தியார் பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை. தன்னுடையதை விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். பிள்ளை குட்டி இல்லாத அவளுக்குத் தன்னுடையது என்று இருந்தது நௌஃபர் ஒருவன்தான். அவனோ விடியச் சுபஹு தொழுத கையோடு நெருப்பு மூட்டப் போய்விடுவான். வீட்டுக்கு வந்தாலும் கதையெல்லாம் 'அவளை'ப் பற்றித்தான். அதே வகையில் செய்த மற்ற இஞ்சின்களின் படங்களைக் கைபேசியில் காட்டி, "இது அவள்ட ராத்தா, இது தங்கச்சி" என்பான். ஸுல்பிகாவின் தங்கை பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் முழிப்பான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நோன்பு மாதத்தில் அந்த எரிச்சல் கூடிப்போனது. போன வருட நோன்பில் ஒருநாள், பொழுது சாய்ந்து நோன்பு திறக்கிற மஃரிபு நேரத்தில் கரண்ட் போய், பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகிவிட, நௌஃபர் இஞ்சினின் ஊதலை இழுத்துவிட்டான். ஊருக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஊதல் கேட்டுத்தான் ஊரே நோன்பு திறந்தது. எல்லா வீட்டிலும் புருஷனும் பெண்சாதியும் ஒரே பாயில் இருந்து கஞ்சி குடிக்க, ஊதுகிறவனின் பெண்சாதி மட்டும் தனியே பேரீச்சம்பழம் கடித்தாள்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கஞ்சியைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு நேரே ஹோட்டல் தோட்டத்துக்குப் போய் இஞ்சினில் ஏறினாள். நௌஃபர் கீழே சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கு ஒங்களோடதான் நோம்பு தொறப்பன்."

"எறங்கு புள்ள! ஒண்டுலயும் கை வெச்சிராத. அவளுக்கு வேறாக்கள்ட கை புடிக்காது."

வேறு ஆளாம்! ஸுல்பிகாவுக்குத் தலைக்கேறியது. "யாரு வேறாள்? நானா, இவளா?" என்று கத்திக்கொண்டே, மேலே தொங்கிய சங்கிலியைப் பிடித்து ஒரே இழுவை.

இஞ்சின் அலறியது. மஃரிபுக்கு இன்னும் நேரம் கிடந்தது. மழை இருட்டில் யாருக்கு அது தெரியும்? ஊரே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது விஷயம் வெளித்துவிட்டது. ஒரு நோன்பு பாழ். பெருநாளுக்குப் பிறகு ஊரே அதைத் திரும்பப் பிடித்துக் கழாச் செய்ய வேண்டும். பள்ளிவாசல் நிருவாகத்தார் கொதித்துப்போய் நௌஃபர் வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் தலைவர் தாஹிர் ஹாஜியார் இளகிய மனசுக்காரர். நௌஃபர் தப்ப ஒரு வழி விட்டார்.

"கெழட்டு இஞ்சின், தானா ஊதிட்டு எண்டு செல்லுங்க தம்பி. மொதலாளிக்கிட்ட கதச்சி அத ஒரேயடியா நிப்பாட்டிருவம்."

ஸுல்பிகா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் சக்களத்தி தொலைந்தாள். உண்மையைச் சொன்னால் தன் பெயர் ஊரெல்லாம் நாறும்.

"இஞ்சின் தானா ஊதல்ல, ஹாஜியார்," என்றான் நௌஃபர். "என்ட கைதான் பெசகிட்டு."

வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இனி ஊதவே கூடாது என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

மறுநாள் ஒலிபெருக்கியில் பாங்கு சொன்னபோது, நௌஃபர் வீட்டுப் பாயில் ஸுல்பிகாவுக்கு எதிரே இருந்தான். அவள் எத்தனையோ நாள் கேட்டது இதைத்தான். கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்; பொரித்த பட்டிஸை அவன் பக்கம் நகர்த்தினாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"நேத்து யாருக்காகப் பொய் சென்னீங்க? எனக்காகவா, அவளுக்காகவா?"

நௌஃபர் பொய் பழகாதவன். முந்தைய நாள் சொன்னதே அவன் ஆயுளில் பெரிய பொய். கோப்பையைக் கையில் வைத்தபடி யோசித்தான்.

"ரெண்டு பேருக்காகவுந்தான்."

"அப்ப நாளைக்கு அவளோடயே நோம்பு தொறங்க," என்றாள் ஸுல்பிகா. சொல்லிவிட்டு அழுதாள்.