குதிகாலுக்குப் போன ஜல்லி

கடலூர், சிதம்பரம் வழியாகப் போகும் மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கொட்டுவதை மேற்பார்வை பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். என் மனைவியின் தம்பி, ஜல்லி சப்ளை செய்கிறவன். ஒருநாள் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான்.

"மாமா, இது மலைய ஒடச்ச கல்லு இல்ல. இரும்பு ஆலையில உருக்குனப்புறம் மிஞ்சுற கசடு. வெளிநாட்டுல ரயிலே இதுமேலதான் ஓடுது."

"ஜல்லி அடிக்காத மச்சான்."

"அடிக்கல மாமா, கொட்டப்போறேன்."

மாதிரி மூட்டை சோதனையில் தேறினால், சிதம்பரத்தில் ஒரு பக்கப் பாதைக்கு அந்தக் கசடை எடுத்துக்கொள்வார்கள். தேறாவிட்டால், சிப்காட் பக்கம் அவன் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்த லாரி லோடை அவன் தலையில்தான் கொட்டிக்கொள்ள வேண்டும்.

மாதிரியை அதிகாரி முன்னால் கட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்றேன். "சணலே போதும் மாமா" என்று குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

என் மனைவிக்குப் பித்தவெடிப்பு. துளைத்துளையாக இருந்த கல் ஒன்றை எடுத்துக் குதிகாலில் தேய்த்துப் பார்த்தாள். அவ்வளவுதான். பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று, பண்ருட்டி நாத்தனார்களுக்கு ஆளுக்கொன்று.

"யக்கா, இன்னொண்ணு குடுங்க. எங்க மாமியாருக்குக் காலு ஜாஸ்தி" என்று எதிர்வீட்டுக்காரி மறுபடி வந்தாள்.

"ரெண்டுதானடி இருக்கு?"

"வெடிப்பச் சொன்னங்க்கா."

சோதனை நாளன்று மச்சான் மூட்டையைத் தூக்கினான். ஒற்றைக் கையிலேயே வந்தது.

"அக்கா!"

"ஓட்டக் கல்லத்தான்டா எடுத்தோம். நல்லதெல்லாம் உள்ளார இருக்கு."

மாதிரியிலிருந்து பொறுக்கக் கூடாது, வேறு மூட்டை கட்டு என்று நான் விதியைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. சாயங்காலம் லட்டோடு வந்தான். துளையுள்ள கல் தண்ணீரை உறிஞ்சும், சோதனையில் விழுந்துவிடும். இவன் மாதிரியில் ஒரு கல்கூட நாக்கை நனைக்கவில்லையாம்.

லட்டு தீர்வதற்குள் லாரி சிதம்பரம் போனது. அதிகாரி லோடிலிருந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தார். துளைத்துளையாக இருந்தது.

"மாதிரில ஓட்டையே இல்லியே! அதுல இருக்க வேண்டிய ஓட்டையெல்லாம் எங்கய்யா போச்சு?"

"வீட்ல இருக்குது சார்" என்றானாம் என் மச்சான்.

லாரி திரும்பி வந்தது. ரயில் வழக்கம்போலக் கருங்கல் ஜல்லிமேல் ஓடியது. மச்சான் லோடை மூட்டை மூட்டையாகக் கட்டி, சிதம்பரத்தில் ஒரு வளையல் கடையில் குதிகால் கல்லாக விற்கக் கொடுத்தான். பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துளையே இல்லையாம், தரம் சரியில்லையாம்.