மறிக்குக் குலுக்கல்

எங்கள் ஆட்களுக்கு இறைச்சி என்றால் கிடாய் இறைச்சிதான். இங்கே கெபெக்கில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற ஊரில், நான் வழக்கமாகப் போகும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதெல்லாம் கிடாய். மறி, அதாவது பெட்டை ஆடு, என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அங்கே காட்டிக்கொள்ள மாட்டார்கள். "இத்தனை கிடாயையும் பெத்த மறியெல்லாம் எங்க தம்பி, சாகாமல் வாழுதுகளோ?" என்று ஒருநாள் கேட்டேன். "அக்கா, காலமையே தொடங்காதேங்கோ" என்றுவிட்டுக் கடைக்காரர் எலும்பை வெட்டப் போய்விட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் மான் சுடுகிறவள். ஐம்பதைத் தாண்டிய, முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் கையைப் பார்ப்பார்கள். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு நின்ற கெபெக் பெண்தான் ஒரு ஐப்பசியில் என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு வேட்டை வகுப்புக்குப் போனேன். பிரெஞ்சில் சோதனை எழுதி முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினேன். என் மனுசன் கார் ஓடுவதற்கு எத்தனை தரம் சோதனை எடுத்தார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அவருக்கு இது பிடிக்கவில்லை. "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீ இங்க காசு குடுத்துத் துவக்கு வாங்கிறாய்" என்றார். அது உண்மைதான், இன்றைக்கும் உண்மைதான். ஆனால் அதோடு விடாமல், "முருகன் கட்டினதே மான் வயித்தில பிறந்த பெண்ணை" என்றும் சொன்னார். அதற்குப் பதில் இருந்தது. "அவளைத் தேடி அவர் என்ன வேசத்தில வந்தவர்? வேடன்தானே" என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாகக் கேட்கிற மோரை அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

நான் ஏன் காட்டுக்குப் போகிறேன் என்றால், அங்கே ஒருவரும் என்னோடு கதைக்க மாட்டார்கள். சமையலறையில் நாள் முழுக்கத் தட்டும் சட்டியும் மணியும். மரத்தடியில் இருந்தால் அணில் ஓடுகிற சத்தம் மட்டும்தான். எனக்கு அது போதும்.

நான் போகிற இடம் ஆற்றுப் பாலம் கடந்து தெற்கே, அமெரிக்க எல்லைப் பக்கம் இருக்கும் ஓர் ஆப்பிள் தோட்டம். சொந்தக்காரர் மனைவியை இழந்த ஒரு கிழவர். பழைய மரங்களை வெட்டிவிட்டு ஒரு பக்கம் முழுக்கப் புதுக் கன்று நட்டிருந்தார். இரண்டு குளிர்காலமாக மான்கள் வந்து அந்தக் கன்றுகளின் மொட்டை எல்லாம் தின்றுவிட்டுப் போயின. "ஷெவ்ரய்" என்று மானின் பெயரைச் சொல்லும்போது அவர் வாயில் உமி அகப்பட்டதுபோல இருக்கும். மூன்றாவது குளிருக்கும் இப்படித் தின்றால் காணியை விற்பது என்று முடிவெடுத்திருந்தார். விற்றால் வீடு கட்டுகிறவர்கள் வாங்குவார்கள். அதோடு என் மரத்தடியும் போய்விடும்.

அதனால் அந்த வருசம் வேட்டைக்கு முன்னால் எங்கள் எல்லாரையும் ஆப்பிள் அடுக்கும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், பக்கத்துக் காணிக்காரர், நான், என் தம்பி. தம்பியை அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது நான். அவன் லொறி ஓடுகிறவன், டொலார்ட்டில் வீடு, என்னைவிடக் குறி தப்பாமல் சுடுவான், வாயும் அப்படித்தான்.

இந்த ஊர்ச் சட்டம் இதுதான். கொம்புள்ள மானைச் சுட எல்லாரும் அனுமதி வாங்கலாம். கொம்பில்லாததைச் சுட வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். மானின் தொகை பார்த்து அரசாங்கம் அந்தக் குலுக்கலைக் கூட்டும், குறைக்கும். தமிழில் ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை என்று அழகான சொற்கள் இருக்கின்றன. நானும் தம்பியும் ஆடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகள், எங்களுக்குள் மானும் கிடாய், மறிதான்.

கிழவர் கேட்டது, குலுக்கல் விழுந்தவர்கள் கட்டாயம் மறியைச் சுட வேண்டும். தபால்காரரும் பக்கத்துக் காணிக்காரரும் முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் வருவது சுவரில் மாட்டக்கூடிய ஒரு கொம்புக்காக. அப்போது தபால்காரர் ஒரு யோசனை சொன்னார். குலுக்கல் விழுந்த எல்லாரும் மறியைச் சுடுவோம், ஆனால் விரல் நீளக் கொம்போடு திரிகிற இளங்கிடாயை ஒருவரும் தொடக்கூடாது, அது இரண்டு மூன்று வருசத்தில் பெரிசாகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிழவருக்கு மான் குறையும், இவர்களுக்குக் கொம்பு பெருகும். எல்லாரும் கைகொடுத்தோம். தம்பியும் கொடுத்தான்.

எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. ஒரு கிடாய் போதும் ஒரு பட்டிக்கு. பத்தில் ஒன்பது கிடாயை வெட்டினாலும் அடுத்த வருசம் அதே அளவு குட்டி நிற்கும். எங்கள் ஆட்கள் கிடாய் கிடாய் என்று நிற்பது நாக்கின் ருசியால் வந்ததென்று அதுவரை நினைத்திருந்தேன். பட்டி பெருக வேண்டும் என்று நினைத்தவன்தான் மறியை விட்டுக் கிடாயை வெட்டினான். பெருகக்கூடாது என்று நினைப்பவன் மற்றப் பக்கமாகத்தான் வெட்ட வேண்டும்.

காரில் திரும்பி வரும்போது தம்பியிடம், "உனக்குக் குலுக்கல் விழுந்ததோ?" என்று கேட்டேன்.

"நான் போடவேயில்லை" என்றான். "மறிக்குப் போய் ஆரும் குலுக்கல் போடுவினமே? விசரே அக்கா உனக்கு?"

எனக்கு விழுந்திருந்தது. முதல் சனிக்கிழமையே ஒரு மறி வந்தது, பின்னால் அந்த வருசத்துக் குட்டிகள் இரண்டு. குட்டி என்று சொல்கிறேனே தவிர, புள்ளியெல்லாம் மறைந்து தாயின் முதுகளவுக்கு வளர்ந்திருந்தன. நான் சுட்டேன். ஒரே வெடி. குட்டிகள் ஓடிப்போய், நின்று, திரும்பிப் பார்த்தன. கத்தியை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கிழவர் வந்து மடியை அழுத்திப் பார்த்தார். "பால் வற்றிவிட்டது மதாம். அதுகள் தாங்களாகவே தின்கின்றன, பிழைக்கும்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

இறைச்சியைப் பகிரப் போனபோதுதான் வேடிக்கை. சுட்ட மானின் இறைச்சியை விற்கக் கூடாது, சும்மா கொடுக்கலாம். சும்மா கொடுத்தும் வாங்க ஆளில்லை. "கிடாயோ மறியோ?" என்பதுதான் முதல் கேள்வி. மறி என்றதும், "எங்களிட்ட ஃப்ரீசர் நிரம்பிக் கிடக்கு" என்பார்கள். பக்கத்து ஊரான இல்-பிசாரில் இருக்கும் ஒரு பெண், மறி இறைச்சி சூடு என்றாள். எதற்குச் சூடு, யாருக்குச் சூடு என்று கேட்டால் தெரியாது. "ஓம், அது தாய் இறைச்சி, தின்றால் அறிவு வந்துவிடும், நீங்கள் தின்னாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மனுசன் கைகொட்டிச் சிரித்தார். அவர் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், அவருக்கென்ன.

இதில் மாட்டுப்பட்டது தம்பி. மகளின் பிறந்தநாளுக்கு மான் கறி என்று சனத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அதுவும் கிடாய் என்று. என் மறியில் பாதியைக் கொண்டு போ என்றேன். "அக்கா, சனம் கேக்கும். பொய் சொல்லேலாது" என்றான். பொய் சொல்லக்கூடாது என்று அவனுக்கு வந்த ஞானம் அந்த ஒருநாள்தான்.

வேட்டைக்காலம் முடிகிற கடைசிச் சனி, பிற்பகல், அவன் இருந்த பக்கம் வெடி கேட்டது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் தபால்காரரும் வந்துவிட்டார். வேட்டைக்காரர் போடுகிற செம்மஞ்சள் தோடம்பழ நிற மேற்சட்டையோடு தம்பி சிரித்துக்கொண்டு நின்றான். காலடியில் ஓர் இளங்கிடாய். தலையில் இரண்டு விரல் போலக் கொம்பு.

தபால்காரர் குனிந்து அதன் காதைப் பார்த்தார். காதில் ஒரு கிழிசல் இருந்தது. "இவனை எனக்குத் தெரியும். இந்த வருசம் இரண்டு தரம் எனக்கு முன்னால் வந்து நின்றான், விட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் சாமான்களைக் கட்டப் போய்விட்டார்.

"உனக்கு மட்டும் என்ன கொம்பு முளைச்சிருக்கோ?" என்று தம்பியைக் கேட்டேன்.

"எனக்கில்லை, அதுக்கு முளைச்சிருக்கு. அதாலதான் சுட்டனான்" என்றான். "சட்டத்தில எங்க பிழை, காட்டு பாப்பம்."

சட்டத்தில் பிழை இல்லை. அவனிடம் அனுமதி இருந்தது, கொம்பின் நீளம் போதும். மானில் கட்டவேண்டிய அனுமதித் துண்டைக் கட்டினான், பதியவேண்டிய இடத்தில் பதிந்தான். கிழவர் வந்து பார்த்தார். "சட்டப்படி சரி" என்றார், அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் எனக்கு நெஞ்சு இவ்வளவு எரிந்திருக்காது.

தம்பி மானை ஏற்றிக்கொண்டு போன பிறகு கிழவர் என் காரடிக்கு வந்தார். மற்ற இரண்டு பேரும், இப்படியென்றால் அடுத்த வருசம் நாங்களும் எங்கள் விருப்பத்துக்குத்தான் சுடுவோம், மறியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். "அவர்கள் கையை அடக்கிக்கொண்டு இருந்தது மற்றவனும் அடக்குவான் என்ற நம்பிக்கையில், மதாம். அவர்கள் மறியைச் சுடாமல் விட்டால் என் கன்றும் போய்விடும். நீங்கள் வாருங்கள். உங்கள் தம்பி வேண்டாம்." அதை நான்தான் அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வேறு யார் சொல்வது?

பிறந்தநாள் முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். கறி நன்றாகத்தான் இருந்தது, நானும் தின்றேன். அடுத்த கிழமை அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் கார் ரயர் மாற்றிக்கொண்டிருந்தான், எழும்பவும் இல்லை.

"ஒரு வெள்ளைக்காரக் கிழவன்ர ஆப்பிளுக்காகக் கூடப்பிறந்தவனை விட்டுக்குடுக்கிறாய்."

"ஆப்பிளுக்காக இல்லை. நீ கைகுடுத்தனி."

"கைகுடுத்தது பகிடிக்கு."

"அவை பகிடிக்குக் குடுக்கேல்லை. நீ கேட்டால் அந்தாள் மனம் இளகும். ஒருக்காப் போய்க் கேளன்."

"நான் ஏன் கேக்கிறது? சட்டத்தில பிழையில்லை" என்றான். "நீ போ அக்கா. உன்ர காட்டுக்குப் போ."

அதன் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் காண்பேன். அவன் முருகனைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். அவன் மகள் மட்டும் ஓடி வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போவாள். என் மனுசன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தால், நான் செய்தது சரி என்பேன், அடுப்படியில் நின்று அழுவேன். இரண்டும் உண்மைதான்.

குளிர் வந்து பனி முழங்கால் வரை கொட்டியது. கிழவர் ஒருநாள் போன் எடுத்து, தோட்டத்துக்குள் மான் தடம் குறைவாகத்தான் இருக்கிறது என்றார். வசந்தத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாக் கன்றும் தப்பவில்லை. காட்டோரத்து வரிசைகளை மான்கள் தின்றிருந்தன. நடுவிலிருந்தவை மொட்டு விட்டிருந்தன. கிழவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். இந்த வருசம் விற்கவில்லை என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்தச் சந்தோசத்தைத் தம்பியிடம் சொல்ல முடியாதே என்று அங்கேயே கவலையும் வந்தது.

கோடையில், குலுக்கல் முடிவு வந்த அன்று, வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது போன் அடித்தது. தம்பியின் இலக்கம். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அக்கா" என்றான். "எனக்கு விழுந்திருக்கு."

"என்ன விழுந்தது? எங்க விழுந்தது?"

"குலுக்கல் அக்கா. மறி."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தாளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாக்கிறியோ?" என்றான்.

"நான் கேக்க மாட்டன். நீ வா. அந்த மூண்டு பேருக்கும் முன்னால நிண்டு நீ கேள்."

"பிரெஞ்சில என்னெண்டு கேக்கிறது? எனக்கு லொறிப் பிரெஞ்சுதானே தெரியும்."

"ஒரு சொல்லுத்தான். பார்தோன் எண்டு சொல்லு, காணும்."

"பார்டன்" என்றான். பின்னால் அவன் மகள் சிரிப்பது கேட்டது. "அப்பா, அது இங்கிலீஷ். பார்தோன்" என்றாள். அவன் திரும்பவும் சொன்னான், அவள் திரும்பவும் திருத்தினாள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டது கிடையாது. மன்னிப்பு என்பது மேடையில் பேசுகிற சொல், கூடப்பிறந்ததுகள் ஒன்றையொன்று பார்த்துச் சொல்கிற சொல் இல்லை. கோபம் போனால் சாப்பிட்டியோ என்று கேட்போம், அவ்வளவுதான்.

மகள் அங்கால் போயிருக்க வேண்டும், சத்தம் அடங்கியது.

"அக்கா" என்றான். "பார்தோன்."

பஸ் தரிப்பில் நின்ற சனமெல்லாம் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்ப சரி" என்றேன்.