நானூற்றுப் பன்னிரண்டு பழுது

லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் அவருக்கு ‘ரிப்போர்ட் புலி’ என்று பட்டம். சூட்டிக்கொண்டது அவரேதான். யாராவது சந்தேகம் கேட்டால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். பதில் தெரியாததை மறைக்க அந்தப் பார்வை பதினெட்டு வருஷமாகக் கைகொடுத்தது.

ஜூலையில் கம்ப்யூட்டரில் புதிய ரிப்போர்ட் ஒன்று செய்தார். கிளையைத் தேர்ந்தெடுத்தால், அந்த மாதம் எத்தனை லிஃப்ட் பழுதானது, ஜனவரியிலிருந்து இன்றுவரை மொத்தம் எத்தனை என்று இரண்டு கட்டங்களில் காட்டும். ஆண்டு மொத்தத்துக்கு, மாதத்தைப் பிரித்துக் காட்டும் வடிகட்டியை மட்டும் நீக்கி, கிளையைப் பிரிப்பதை விட்டுவைக்க வேண்டும். புலி எல்லா வடிகட்டியையும் வழித்துப் போட்டுவிட்டார். ஆகவே எந்தக் கிளையைத் தொட்டாலும், ஒன்பது கிளைகளுக்கும் சேர்த்து வந்த 412தான் மொத்தமாக நின்றது. பக்கத்து மேஜைப் பெண் கிழக்குக் கிளையின் மாதக் கணக்குகளை ஜனவரியிலிருந்து விரல்விட்டுக் கூட்டி, நாற்பத்தொன்றுதானே வருகிறது என்றாள். விரல்விட்டு எண்ணுகிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று அவள் வாயை அடைத்தார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் முதலாளி கிழக்கை மட்டும் அழுத்திப் பார்த்தார். மூன்றே மெக்கானிக், இத்தனை பழுதா? இந்த லட்சணத்தில் கிளையே வேண்டாம் என்றார். அந்த மூவரில் ஒருவன் புலியின் மனைவிக்குத் தம்பி. அப்போதுதான் பக்கத்து மேஜைப் பெண் சொன்னது உறைத்தது.

“நம்பர் சரிதானே? நல்லாப் பாத்துட்டீங்களா?” என்றார் முதலாளி.

“நான் போட்டது சார்.”

கோழை. அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் ரிப்போர்ட்டின் சூத்திரத்தைத் திருத்திவிட்டார். இனி கிழக்கை யார் அழுத்திப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

மாதக் கடைசியில் கிளையை மூடினார்கள். மைத்துனன் கருவிப் பையோடு நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து கிரீஸ் படிந்த நோட்டை எடுத்து நீட்டினான். கிளைக்கு வந்த ஒவ்வொரு பழுதையும் தேதி போட்டு அதில் எழுதிவைத்திருந்தான்.

“நாப்பத்தொண்ணுதான் இருக்கு மாமா. நீங்க போட்ட கணக்கு தப்பாகாது. நான்தான் எங்கயோ விட்டுட்டேன்.”

உள்ளே மனைவி தம்பிக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். புலி கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.

“நல்லாப் பாரு. பக்கம் ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்.”

அவன் தரையில் உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டு, முதல் பக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஆரம்பித்தான்.