தவிட்டுத் தொட்டி

மீனின் மண்டைக்குள், காதுப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கல் இருக்கும். மீன் வளர வளர அதுவும் அடுக்கடுக்காக வளரும். அதில் படிகிற உப்புகள் தண்ணீரிலிருந்து மட்டும் வருகின்றனவா, தின்ற தீனியிலிருந்தும் வருகின்றனவா? எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எனக்குக் கொடுத்த ஆய்வு இதுதான். தேறினால்தான் பட்டம். செல்போன் பணக்காரர் கையில் மட்டும் இருந்த காலம் அது.

கல்லூரித் தொட்டி ஒழுகியதால் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளை வைத்தேன். இரண்டிலும் ஒரே லாரித் தண்ணீர், ஒரே வயது ஜிலேபி மீன் குஞ்சுகள். ஒன்றுக்குக் கருவாட்டுத் தூள், மற்றதற்கு வெறும் தவிடு. கடல் மீனில் அதிகமாக இருக்கும் ஸ்ட்ரான்சியம் என்கிற தாது தீனி வழியாகக் கல்லில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தவிட்டு மீன்களும் கொழுகொழுவென்று வளர்ந்தன. தவிட்டில் இத்தனை சத்தா என்று வியந்தேனே தவிர, என் மரமண்டைக்கு வேறொன்றும் உறைக்கவில்லை.

கற்களைச் சோதித்ததில் இரண்டு தொட்டிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தது. பேராசிரியர் மீன்களின் எடையையும் பார்த்தார்.

“தவிடு தின்ன மீன் இப்படி வளருமா? ரெண்டுக்கும் ஒரே தீனி போட்டுட்டு எங்கிட்டயே கதை விடுறியா?”

வகுப்பே பார்க்க, அம்மா மேல் சத்தியம் செய்தேன். யாரோ சிரித்தார்கள். ஆய்வு செல்லாது, அடுத்த வருடம் மறுபடி செய் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் கத்தித் தீர்த்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்கச்சிதான் முன்னால் வந்தாள்.

“தவுட்டுத் தொட்டிக்கும் நான்தாண்ணா கருவாடு போட்டேன். ஒரே வூட்ல ஒண்ணுக்குக் கருவாடு, ஒண்ணுக்குத் தவுடு. பாக்கவே பேஜாரா கீது.”

“யாரைக் கேட்டுப் போட்ட?”

“யாரக் கேக்கணும்? நம்ம வூட்லயும் நடுத்துண்டு உனுக்கு, எனுக்கு வெறுங்கொழம்பு. நான் இன்னா உன் காலேஜ் மீனா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். படிக்கிற பிள்ளை என்று அம்மா வைப்பாள், நான் தின்பேன். தங்கச்சி தட்டில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வேளைகூட நினைவுக்கு வரவில்லை. அப்படியே கூனிக் குறுகிப் போனேன்.

மதியம் அம்மா பாறை மீன் குழம்பு வைத்து, நடுத்துண்டை என் தட்டில் போட்டாள். தங்கச்சி எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எடுத்து அவள் தட்டில் வை என்று மனசு அடித்துக்கொண்டது. வைத்தால் அம்மா ஏன் என்று கேட்பாள், நான் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். தலை நிமிராமல், முள்ளை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, முழுத் துண்டையும் நானே தின்று முடித்தேன்.